ஆமை முத்திரை

"மூடியை மட்டும் திறந்துடாதீங்க தம்பி" என்று கடிகாரக்காரர் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

ஆள் ரொம்பச் சின்ன உருவம். கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவர் தலையும், கண்ணில் இடுக்கிய பூதக்கண்ணாடியும்தான் தெரியும். எழுபதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பல்செட்டுக்காரர் நீட்டிய தங்கக் கைக்கடிகாரத்தை அவர் கையில்கூட வாங்கவில்லை. ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பதினெட்டு கேரட். பதினேழு கல் வச்ச ஜூவல் மிஷின். பின்மூடிக்கு உள்பக்கம் ஆமை முத்திரை இருக்கும். அது கம்பெனி அடையாளம். அதனாலதான் இந்த விலை" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"திறக்காமலே எப்படிங்க சொல்றீங்க?"

"உங்க அப்பா இருந்தவரைக்கும் ஆயில் போட்டது யாரு? நான்தானே? எல்லாம் முன்பக்கமா கழட்டித்தான். பின்மூடி ஐம்பது வருஷமா திறக்கலை. திறந்தா கெட்டுடும்."

பல்செட்டுக்காரர் நம்பிவிட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடிகாரம் தன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். கல்யாணத்தன்று அம்மா தன் கையால் அப்பாவுக்குக் கட்டிவிட்டது. போன மாதம் ஆஸ்பத்திரியில்தான் அது அப்பாவின் கையைவிட்டு இறங்கியது.

வீட்டில் அக்கா அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"திறக்காம விலை சொல்ற ஆளை இப்பத்தான்டா கேள்விப்படறேன். நீ எவ்வளவு குடுத்தே அவருக்கு?"

"அக்கா!"

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள். அம்மா ரகசியம் பேசினாலே தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும். இது ரகசியம்கூட இல்லை.

"ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு அவரை இங்க வரச்சொல்லு. என் கண்ணு முன்னாடி மூடியைத் திறக்கட்டும். ஆமை இருந்தா எனக்குப் பாதி விலையைக் குடுத்துட்டு வாட்சை நீயே கட்டிக்கோ. ஆமை இல்லைன்னா வெளியில வித்துடலாம்" என்றாள் அக்கா.

சமையலறையில் கரண்டி விழுந்தது.

"எதுக்குடி மூடியெல்லாம்?" என்றாள் அம்மா. அக்கா ஒன்றைப் பிடித்துவிட்டால் விடமாட்டாள் என்பது தெரிந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

சனிக்கிழமை பல்செட்டுக்காரர் தன் வேலையிடத்தில் தனியாக உட்கார்ந்தார். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுற்றிலும் பிளாஸ்டர் அச்சில் யார் யாருடைய தாடைகளோ அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. நாளைக்குச் சபையில் மூடி மக்கர் பண்ணக் கூடாதே, இன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்து வைப்போம் என்று நினைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

மூடி அசையவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இருபது வருஷமாகப் பல்லுக்குத் தங்கத் தொப்பி போடுகிறவருக்குத் இறுகின அழுக்கு எது, பற்றவைப்பு எது என்று தெரியாதா? யாரோ மூடியைச் சுற்றிலும் பற்றவைத்து, சுவடு தெரியாமல் தேய்த்துவிட்டிருந்தார்கள். அருமையான வேலை.

டிரில்லை எடுத்தார். கால் மணி நேரத்தில் மூடி கழன்றது. உள்ளே சமர்த்தாக ஆமை இருந்தது.

ஆமைக்குக் கீழே இரண்டு வரிகளும் இருந்தன.

"என் சுண்டெலிக்கு,
உன் குயில்."

பல்செட்டுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

அப்பா ஆறடி. பஸ்ஸில் பக்கவாட்டில்தான் ஏறுவார். அவரைச் சுண்டெலி என்று கூப்பிட ஒருத்திக்குத் துணிச்சல் வந்திருக்கிறது என்றால் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்! அந்த ஒருத்தி அம்மா இல்லை. அம்மாவைக் குயில் என்று சொல்ல எந்தக் குயிலும் சம்மதிக்காது. அம்மா கட்டிவிட்ட கடிகாரத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள் எவளோ! அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாரே, அப்படியானால் மதியமா? ஞாபகமாக மூடியைப் பற்றவைத்தும் விட்டாரே மனுஷர்!

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. நாளைக்கு அம்மா இதைப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பாலிஷ் மோட்டாரைப் போட்டு எழுத்தை வைத்துத் தேய்த்தார். குயில் போனது. சுண்டெலி போனது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தால் ஆமையும் போயிருந்தது.

ஆமை இல்லாவிட்டால் விற்றுவிடுவாள் அக்கா. அதனால் என்ன, செதுக்கத் தெரியாதவரா இவர்? மெல்லிய ஊசியை டிரில்லில் மாட்டி ஆமை செதுக்கினார். ஆனால் அந்தக் கை இருபது வருஷமாக ஒரே உருவத்தைத்தான் செதுக்கியிருக்கிறது. நாலு கால் வைத்தார், வேர் மாதிரி இருந்தது. ஓட்டில் கோடு போட்டார், கடைவாய்ப்பல்லின் மேல்பக்கம் வந்துவிட்டது. தலை ஒன்று வைத்தார், அது சொத்தை மாதிரி இருந்தது.

தேய்த்ததில் மூடி மெலிந்து போய் உட்காரவும் மறுத்தது. பல் ஒட்டும் சிமென்ட்டைச் சுற்றிலும் தடவி அழுத்தினார். மூடி நின்றது. கொஞ்சம் சிமென்ட் உள்ளே இறங்கியதில் கடிகாரமும் நின்றது.

முள் மட்டும் திருகினால் நகர்ந்தது. ஞாயிறு பதினொரு மணிக்குத்தானே எல்லோரும் பார்க்கப் போகிறார்கள் என்று பதினொன்றில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

கடிகாரக்காரர் பதினொன்றரைக்குத்தான் வந்தார்.

சோபாவில் உட்கார்ந்ததும் அவர் கால் தரையில் எட்டவில்லை. அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை.

"இப்பவும் சொல்றேன், மூடியைத் திறக்க வேண்டாம்மா" என்று அவர் அக்காவைக் கெஞ்சினார்.

"திறங்க."

"அப்பா ஞாபகமா அப்படியே இருக்கட்டுமே" என்றாள் அம்மா.

"திறங்கன்னா திறங்க."

கடிகாரக்காரர் கத்தியைச் செருகினார். மூடி படக்கென்று கழன்று மடியில் விழுந்தது. உள்ளே பார்த்தவர், "அப்பாடா" என்றார். அப்புறம் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா... இது என்ன?"

"ஆமை" என்றார் பல்செட்டுக்காரர்.

அக்கா மூடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இதுவா ஆமை? கடைவாப்பல்டா இது! சொத்தை வேற!"

"பழைய காலத்து ஆமை, அக்கா."

"மணி பதினொண்ணே முக்கால் ஆகுது, வாட்ச்ல பதினொண்ணு! மிஷினையும் மாத்திட்டியா? ஒரிஜினல் மூடி எங்கடா? உருக்கிட்டே! சொல்லு, இப்ப யார் வாயிலடா இருக்கு எங்க அப்பா மூடி?"

"நான் எதையும் மாத்தலை."

"திருடன்! பெத்த அப்பா வாட்சுல கை வச்ச திருடன்!"

பல்செட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை திருடியிருப்பானோ என்று கேட்கிற பார்வை. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் திருடலைம்மா! அழிச்சேன்! உனக்காகத்தான் அழிச்சேன்!" என்று கத்தினார். "ஆமைக்குக் கீழ எழுதியிருந்தது. 'என் சுண்டெலிக்கு, உன் குயில்'னு. அப்பாவுக்கு எங்கேயோ ஒரு குயில் இருந்திருக்கும்மா. உன் மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு தேய்ச்சேன். ஆமையும் கூடப் போயிடுச்சு. போதுமா?"

அக்கா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பாவா?" என்று மட்டும் கேட்டாள். கடிகாரக்காரர் சோபாவிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார்.

அம்மா அழவில்லை. மெல்லக் கடிகாரக்காரர் பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் அறிந்த வரையில் முதல் முறையாக அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"அழிச்சிட்டுத்தான் மூடினேன்னு கல்யாணத்துக்கு முந்தின நாள் சத்தியம் பண்ணினியே, சுண்டெலி?"