தகடு கட்டிய கணினி

அந்த மாதம் எங்கள் தெருக் கணினிகளுக்கெல்லாம் கண்பட்டுவிட்டதாம். சொன்னவர் தகட்டுக்காரர். செப்புத் தகட்டை மந்திரித்துக் கட்டினால் படுத்த கணினி எழுந்துவிடும். வக்கீல், தணிக்கையாளர், பல் மருத்துவர் எல்லோரும் அவர் வாசலில் வரிசையாக நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை ஒழுங்காக இருந்தது.

மூன்று தலைமுறையாக அச்சகம் நடத்தும் குடும்பம் எங்களுடையது. அங்கே எல்லா மேசைகளுக்கும் கோப்புகளைப் பகிர்ந்து தரும் பெரிய கணினி தினமும் படுத்தது. நானும் தகட்டுக்காரரை அழைத்தேன். அணைத்தார், தகடு கட்டினார், மறுபடி போட்டார். எழுந்தது. மறுநாள் படுத்தது.

திரும்ப வந்தவர், வேலைக்குப் புதிதாக யார் வந்தது என்று விசாரித்தார். என் மருமகள்தான், அந்த மாதம்தான். ஊழியர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார்: "அந்தப் பொண்ணை வெளியே அனுப்புங்கய்யா. அது கை பட்டா மெஷின் எந்திரிச்சு நிக்காது."

என் வீட்டுப் பெண்ணை ஊர் பார்க்க ஒருவன் பழித்தான். என் மகன் தரையைப் பார்த்தான்.

மருமகள் மட்டும் நிதானமாக இருந்தாள். "போயிடறேன் மாமா. முதல்ல இவரே உக்காந்து ரெண்டு கோப்பு சேமிக்கட்டும். நான் கிட்டயே வரலை."

முதல் கோப்புக்கு 'அட்டை' என்று பெயர் கொடுக்கச் சொன்னாள். கணினி படுக்காமல் நின்றது. அடுத்ததற்கு ஒரு வாடிக்கையாளரின் பெயர், தகப்பனார் பெயர், பட்டங்கள், வகித்த பதவிகள் அனைத்தையும் சொல்லச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தட்டினார். சேமித்தார். கணினி படுத்தது. தகடு ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப யார் கை பட்டுச்சுங்க?"

அந்த வாடிக்கையாளருக்கு நேரம் சரியில்லை என்றார் அவர். தகட்டை அவிழ்த்துவிட்டு அணைத்துப் போடச் சொன்னாள். தகடில்லாமலே எழுந்தது. ஊழியர் ஒருவர் சிரித்துவிட்டார்.

பகிர்வு மென்பொருளில் பெயருக்கென்று ஒதுக்கிய கட்டம் சின்னது, அளவு பாராமல் எழுதுவதால் பக்கத்துக் கட்டமும் அழிகிறது என்று விளக்கினாள். திருடன் வேண்டுமென்றே நீளமாக ஒன்றை அனுப்பினால் கணினியே அவன் கைக்குப் போய்விடுமாம். தயாரித்தவர்கள் எப்போதோ திருத்தம் வெளியிட்டிருந்தார்கள். அதை ஏற்றினாள். அதே பெயரை நானே தட்டினேன். படுக்காமல் நின்றது.

வாடிக்கையாளரின் ஒரு பட்டத்தைக்கூடக் கோப்பின் பெயரில் விடக் கூடாது என்பது என் உத்தரவு. ஊழியர்கள் பல வருடங்களாக எனக்குத் தெரியாமல் சுருக்கியே வந்திருக்கிறார்கள். அந்த உத்தரவை முழுதாக மதித்த முதல் ஆள் என் மருமகள். அவளைத்தான் அனுப்ப இருந்தேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்ல விடமாட்டேன்.

தெருவில் மற்ற கடைகளில் தகடு இன்னும் தொங்குகிறது, திருத்தம் ஏறவில்லை. பெரியோர்களே, கணினியை அணைத்துப் போடத் தெரிந்த உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூளையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.