நாலாவது போல்ட்

அடுகோடி,
24-10-1999

பாசமுள்ள தம்பி எத்திராஜுக்கு,

அக்கா ரத்தினம்மாள் எழுதுவது. விஜயதசமி அன்று, சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் போகிற வழியில் இருக்கும் ஏரிக்கரையில் இருந்தவர்கள்: என் மகன் பாலகுமார். அவன் பெண்டாட்டி சீதாலட்சுமி. பேத்தி தாரணி, வயது பன்னிரண்டு. பாலகுமாரோடு ஷெட்டில் வேலை செய்கிற ஜெயராமன். சீதாலட்சுமியைப் பெற்றவள் மரகதம், கூப்பிடாமலே வந்தவள். ஏரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் வைத்திருக்கும் முனிராஜ். அப்புறம் நான். வராதவன் நீ ஒருத்தன்தான். மூட்டுவலி, பஸ் ஏற முடியாது என்று கார்டு போட்டாய். அதற்கு மறுநாள் உன் மச்சான் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டாய் என்று வாணியம்பாடியிலிருந்து சேதி வந்தாயிற்று. ஆகவே உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை, சுகமாகத்தான் இருக்கிறாய். நாங்களும் உயிரோடு இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, எங்கேயாவது புள்ளி விட்டுப்போயிருந்தால் நீயே வைத்துக்கொள்.

தொண்ணூற்றாறு வைகாசியில் உன் மூத்தவள் கல்யாணத்தில், ரசம் ஊற்றிக்கொண்டு வரும்போது, நீ என்ன சொன்னாய்? "கடலே இல்லாத ஊர்ல கப்பல் கட்றானாம் உம் புள்ள, ஓசூர் ரோட்டுல ஓட்டுவானா?" என்று கேட்டாய். இருபத்தொரு பேர் சிரித்தார்கள். பெயர் வேண்டுமானால் தனிக் காகிதத்தில் அனுப்புகிறேன். இப்போது பதில் சொல்கிறேன். ஓட்டினான் தம்பி, ஓசூர் ரோட்டில்தான் ஓட்டினான். டெம்போவுக்குப் பின்னால் டிரெய்லரில் கட்டி ஓட்டினான். அது சாதாரணப் படகு இல்லை. ட்ரைமரான் என்று பேர். நடுவில் ஒரு பெரிய உடம்பு, இரண்டு பக்கமும் வாழைத்தண்டு மாதிரி ஒல்லியாக இரண்டு சின்ன உடம்பு. பக்கத்துக்கு இரண்டு கை, அந்தக் கைகள்தான் சின்ன உடம்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். கைகளை மடித்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு லாரி அகலத்துக்குள் அடங்கிவிடும். தண்ணீருக்குப் போனதும் விரித்தால் என் வீட்டுக் கூடத்தை விட அகலம். நடுவே கயிற்று வலை, நம் கயிற்றுக் கட்டில் மாதிரி, அதன்மேல் ஆள் உட்காரலாம். விரித்த கை திரும்ப மடங்கிவிடாமல் இருக்க கைக்கு ஒரு போல்ட், மொத்தம் நாலு போல்ட். இந்த நாலை ஞாபகம் வைத்துக்கொள்.

இதற்காகத்தான் அவன் ஓசூர் பாக்டரி வேலையை விட்டான். மூன்று வருஷம் ஷெட்டில் பலகையும் பிசினும் மூக்கில் ஏறக் கிடந்தான். மரகதம் வரும்போதெல்லாம், "மாப்பிள்ளை எப்ப ஆபீஸ் போவாரு, சம்பந்தி?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடுவாள். கடைசியில் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பாலகுமார் பெண்டாட்டி கையில் அடித்துச் சத்தியம் செய்தான். "விஜயதசமி அன்னிக்கு ஏரியில ஒரு சுத்து. போனவங்க எல்லாரும் திரும்பி வரணும். இல்லேன்னா மறுநாளே ரம்பத்தால அறுத்து வெறகாக்கிட்டு, உங்க அண்ணன் சொல்ற வேலைக்குப் போயிடறேன்." ரம்பத்தையும் டெம்போவில் ஏற்றினான். அவன் சொன்ன சொல் மாறமாட்டான், அது நம் அப்பா வழி, உன் பக்கம் வராத வழி.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், உளி, நாலு போல்ட் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் பரப்பினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபடியும் கற்பூரம் காட்டித்தான் எடுக்கவேண்டும், அது உனக்கும் தெரியும். பாலகுமாரோ விடிவதற்கு முன்னால் எழுந்து, "டெம்போக்காரன் நிக்கறான்ம்மா, கற்பூரம் ஏரியில காட்டிக்கலாம்" என்று எல்லாவற்றையும் வாரி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஜெயராமன் கையில் கொடுத்தான். டின் அவன் பொறுப்பு. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

ஏரிக்கரையில் டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்தோம். பாய்மரம் தூக்குவதற்கு முன்னால் தாரணி அண்ணாந்து பார்த்து, "மேல கரண்ட் கம்பி இல்லப்பா!" என்று கத்தினாள். அப்படிக் கத்த வேண்டும் என்று சட்டம். இதற்கெல்லாம் ஒரு பெரிய தாள் எழுதிப் படகுக்குள் ஒட்டியிருக்கிறாள். மடக்கும்போதும் விரிக்கும்போதும் படகின் கையில் விரல் வைக்கக்கூடாது. லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறக்கூடாது. வலைமேல் நிற்கக்கூடாது, தவழ வேண்டும். பாய்க்கயிற்றை எங்கேயும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது, கையில்தான் பிடிக்கவேண்டும். "ஏன் சொல்லு ஆயா?" என்று என்னை எழுப்பி எழுப்பிக் கேட்பாள். "காத்து திடீர்னு அடிச்சா வுட்டுடணும்டி" என்பேன். எனக்குத் தாள் முழுக்க மனப்பாடம்.

படகைத் தண்ணீரில் இறக்கிக் கைகளை விரித்தான் பாரு, எத்திராஜ், எனக்கு வாய் மூடவில்லை. அப்படி ஒரு விரிப்பு. சத்தமே இல்லை. ஒரு பக்கம் போய்த் தண்ணீரில் படிந்தது, அடுத்த பக்கம் போய்ப் படிந்தது, என் பிள்ளை நடுவில் நின்றான். மாடு மேய்க்கிறவர்கள் மாட்டை விட்டுவிட்டு வந்தார்கள். மரகதம்கூட, "அட!" என்றாள். ஒரே ஒரு "அட"தான், ஆனால் நான் கேட்டேன்.

அப்புறம் போல்ட் போடுகிற கட்டம். ஒருத்தன் எண்ண வேண்டும், இன்னொருத்தன் தொட்டுப் பார்க்க வேண்டும். ஜெயராமன் டின்னைத் திறந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி நிறுத்திவிட்டான். டின்னைக் கவிழ்த்தான். டெம்போவைத் துழாவினான். எல்லார் பையையும் உதறிக் காட்டச் சொன்னான், மரகதத்தின் டம்பப் பையைக்கூட விடவில்லை, அது ஒன்றுதான் அன்று அவன் செய்த உருப்படியான காரியம். நாலாவது இல்லை. "நாலும் இல்லாம கெளம்பறதில்ல" என்று பாலகுமார் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். மரகதம் உடனே, "அதுக்கென்ன மாப்ள, இன்னொரு நாள் பாத்துக்கலாம், எம் பையன் திங்கக்கெழமையே வரச் சொன்னான்" என்றாள். எனக்கு உச்சி காய்ந்துவிட்டது. நல்ல நேரம் போகிறது, ஊரே பார்க்கிறது. அப்போதுதான் முனிராஜ், "ஸ்வல்ப இருங்கம்மா" என்று ஓடிப்போய்த் தன் டிராக்டர் கலப்பையிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். பொருந்தியது. ஜெயராமன் மட்டும் உரசிப் பார்த்து, "சார், இது எளகின இரும்பு" என்றான். தொலைத்தவனுக்குப் பேச்சு வேறு! "ஏறுடா, அம்பாள் இருக்கா" என்று நான்தான் சொன்னேன். பாலகுமார் அதைத் திருகி இறுக்கினான். "கரையோரமா, சின்னப் பாயோட, ஒரே ஒரு சுத்து" என்றான். அவனும், ஜெயராமனும், தாரணியும், நானும் ஏறினோம். என் மகன் கட்டியதில் நான் ஏறாவிட்டால் மரகதம் என்ன பேசுவாள்?

பாய் காற்றைப் பிடித்ததும் நடந்ததை எப்படி எழுதுவேன். இன்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, யாரும் தள்ளவில்லை. நாலு பேரையும் அந்தக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது. வலைக்குக் கீழே தண்ணீர் ஓடுவது தெரிகிறது. அறுபத்தெட்டு வயதில் நான் முதல் முதலாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன், தாரணி சாட்சி. என் மகன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாயைப் பார்த்தபடி இருந்தான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை, பிறந்த அன்றுகூட.

பாதிச் சுற்றில் மேகம் கறுத்து ஒரு காற்று அடித்தது. தாரணி உட்கார்ந்திருந்த பக்கம் தண்ணீரில் அழுந்தியது, அங்கேதான் முனிராஜ் போல்ட். "ணங்" என்று ஒரு சத்தம். பார்த்தால் போல்ட் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது, முன் கை மெல்ல மெல்ல மேலே மடங்குகிறது, குழந்தைக்குக் கீழே வலை தொய்கிறது. நான் கூப்பிடாத சாமி இல்லை. பாலகுமார் பாய்க்கயிற்றை அப்படியே விட்டான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, படகு நிமிர்ந்தது. "தாரணி, எழுந்திரிக்காத. தவழ்ந்து நடுவுல வா" என்றான். பக்கத்துத் தெருவில் போகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. அவள் தவழ்ந்து வந்தாள். "ஜெயராமா, திருப்பறேன். காத்து இந்தப் பக்கத்துலேர்ந்து வரட்டும், அப்ப பாரம் முழுக்க அடுத்த பக்கம் தாங்கும்." திருப்பினான். திரும்பினது. அப்புறம் என்னைப் பார்த்தான். "ம்மா, இந்தக் கை மேல வராம அமுக்கிக்கினு இருக்கணும். நீ வந்து அதுமேல உக்காரு."

என் கனத்தைப் பற்றி நீ பேசாத தீபாவளி உண்டா? உன் பெண்டாட்டி பேசாத பொங்கல் உண்டா? நான் தவழ்ந்து போனேன், தம்பி. முட்டி தேய, புடவை நனைய, வலையைப் பிடித்துப் பிடித்துப் போய், அந்த வளைந்த போல்ட்டின் மேலேயே உட்கார்ந்தேன். கை அடங்கியது. "அப்பா, ஆயா உக்காந்ததும் நேராயிடுச்சு!" என்று குழந்தை கத்தினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை வருகிற வரைக்கும் மூச்சைக்கூட இறுக்கிப் பிடித்திருந்தேன், அதுவும் ஒரு கனம்தானே.

சீதாலட்சுமி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். என்னை மாதிரியே அவளுக்கும் நீச்சல் தெரியாது. குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டாள். பாலகுமார் நேராகப் போய் ரம்பத்தை எடுத்தான். "போல்ட் இல்லாம போனது என் தப்பு. சொன்னது சொன்னதுதான்" என்றான். அப்போது என் மருமகள் சொன்னாள்: "சொன்னது என்ன? ஒரு சுத்து. போனவங்க எல்லாரும் திரும்பி வரணும். வந்தாச்சு. ரம்பத்த வைங்க. நாலு போல்ட்டும் சரியா இருக்கற அன்னிக்கு நானும் ஏர்றேன்." மரகதம் வாயைத் திறந்தாள். "அம்மா, சும்மா இரு" என்றாள் மகள். பதினான்கு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை.

படகு இப்போது ஷெட்டில் மடங்கி நிற்கிறது. ஆனால் வேலை நடக்கவில்லை. ஜெயராமனை அன்று ஏரிக்கரையில் எல்லார் முன்னாலும், "ஒரு டின்னைப் பாத்துக்கத் துப்பில்ல, எம் பேத்திய கொல்லப் பாத்தியே" என்று கேட்டேன். அப்படியே போனவன் ஐந்து நாளாக வரவில்லை. பாலகுமார் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அவன் இல்லாமல் ஒரு பலகை நகராது என்கிறான். நகராவிட்டால் போகட்டும். குழந்தை விஷயத்தில் எனக்கு மன்னிப்புக் கிடையாது.

உன் பிள்ளைகளுக்கும் பேரனுக்கும் என் ஆசி முழுசாக. உன் பெண்டாட்டிக்கு முக்கால். உனக்குப் பாதிதான். மீதியை, நீ இங்கே வந்து ஏரியில் ஒரு சுற்றுச் சுற்றி, பாலகுமாரிடம் ரசப் பந்திப் பேச்சுக்கு ஒரு வார்த்தை சொன்ன பிறகு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு ஸ்டாம்ப் எடுக்க இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்தேன். அடியில் மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனம் காய்ந்துபோய், அது இருக்கிறது. நாலாவது. இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அன்று விடியலில் பாலகுமார் வாரிக்கொண்டிருந்தபோது, கற்பூரம் காட்டாமல் எல்லாவற்றையும் எடுத்தால் அம்பாள் என்ன நினைப்பாள், ஒன்றாவது நம்மிடம் இருக்கட்டும், ஏரியில் கற்பூரம் காட்டிக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் எடுத்துத் துணியில் முடிந்தேன். ஏரியில் மரகதம் "அட" என்றாளா, அந்தச் சந்தோஷத்தில் கற்பூரமும் மறந்தது, இதுவும் மறந்தது. ஜெயராமன் எல்லார் பையையும் உதறச் சொன்னான், என்னை மட்டும் கேட்கவில்லை. பெரியம்மாவை எப்படிக் கேட்பது என்று விட்டிருப்பான். கேட்டிருந்தால் அதற்காகவே சாகும்வரை அவனோடு பேசியிருக்க மாட்டேன். நான் உட்கார்ந்து அமுக்கினேனே, அந்தப் போல்ட் ஓட்டைக்கும் என் இடுப்புக்கும் ஒரு சாண்தான் இருக்கும். குழந்தை தவழ்ந்து வந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆறு பக்கம் திரும்ப எழுத என்னால் முடியாது. மேலே ஜெயராமனைத் திட்டியிருக்கும் இடத்திலெல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, போல்ட்டை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். வாசலில் நின்று என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, பழக்கமில்லை. அவன் என்னை மன்னித்தாலும் மன்னிப்பான், நல்ல பையன். ஆனால் நான் இதுவரை யாரையும் மன்னித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை ஒருத்திக்காக மாற்றுவதாக இல்லை. அவள் பெயர் அடுகோடி ரத்தினம்மாள்.