மூன்று விரல் வழக்கு

ஒரு காட்டில், ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, வானம் மூட்டமாக இருந்தது. மேற்கே மின்னல் வந்து போயிற்று. மழை மட்டும் வரவில்லை. அந்நேரத்தில் முள்வேலம் புதரின் அடியில், காய்ந்த புல்லோடு புல்லாக, பதுங்கன் என்னும் குறுங்காடை நான்கு முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தான். மிதித்தாலன்றி அவனை எவராலும் காண இயலாது. மிதித்தவர்கள்கூடக் கல் என்று எண்ணிப் போயிருக்கிறார்கள். அவன் குலத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அந்தக் குலத்தின் வழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் பின்னால் அலுவலர்கள் குழம்பியதுபோல் வாசிப்பவர்களும் குழம்ப நேரிடும். குறுங்காடைகளில் பெண்தான் பெரியவள், நிறமுள்ளவள், கழுத்தில் கறுப்புப் பட்டை அணிந்தவள். மார்பை உப்பி முழங்குபவளும் அவளே. தொலைவில் மோட்டார் சைக்கிள் ஓடுவதுபோல் கேட்கும். முட்டையிட்டு முடித்ததும் அடுத்த புதருக்கு, அடுத்த கணவனிடம் போய்விடுவாள். அடைகாப்பதும் குஞ்சுகளை ஆளாக்குவதும் ஆணின் வேலை. இதில் இரு தரப்புக்கும் நெடுங்காலமாக மனத்தாங்கல் இருந்ததில்லை. ஏனெனில் இதைப் பற்றி அவர்களை எவரும் கேட்டதில்லை.

கேட்கும் காலம் வந்தது. பறவைகளை முறைப்படுத்துவது என்று சிங்கத்தின் அரசு முடிவு செய்தது. அதற்கு முன்பும் வலியவை எளியவற்றைத் தின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் யாரை யார் தின்பது என்பதில் ஓர் ஒழுங்கு இல்லை. புதிய ஆணை அந்தக் குறையைப் போக்கிற்று. காடை வகை கீரிக்கு. கரைப்பறவை வகை பருந்துக்கு. அவை ஏரிக்கரையிலேயே வசிக்கவும் வேண்டும். கொக்கு வகை எவருக்கும் இல்லை. ஆணையை எழுதியவர் கொக்கு. எந்த வகையிலும் சேராதவை பொது உணவு. வகை விசாரணையில் இருப்பவற்றை மட்டும், முடிவு வரும்வரை, எவரும் தொடலாகாது. கடைசி வரி என்பதால் இதை அலுவலர்களைத் தவிர எவரும் படிக்கவில்லை.

அன்று காலை பதுங்கனின் மனைவி முழங்கி புதர்ப்பக்கம் வந்தாள்.

“என்னய்யா, இன்னும் குந்தியேதான் இருக்கியா?”

“இன்னும் கொஞ்ச நாள் இருக்குங்க. மெதுவாப் பேசுங்க.”

“மெதுவாப் பேசிப் பேசித்தான் நம்மள எவனும் மதிக்கிறதில்ல. காடைங்க நம்மளப் பாத்து, ‘இதுங்க எந்தச் சேர்த்தி?’ன்னு கேக்குதுங்க. ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்துட்டேன். நமக்குன்னு ஒரு வகை வேணும். நாம யாருன்னு இந்தக் காட்டுக்குத் தெரிய வேணாமா?”

“தெரியாததனாலதாங்க நீங்க இத்தன வருஷமா முழங்கிட்டிருக்கீங்க.”

“கோழை மாதிரிப் பேசாத.”

பதுங்கன் சற்று யோசித்தான். “மனுவில வீடு எங்கன்னு கேட்டாங்களாங்க?”

“கேக்காம? ஓடைக்குக் கிழக்கே, முள்வேலம் புதர், வளைஞ்ச கிளைக்கு நேர் கீழன்னு தெளிவாச் சொல்லிட்டேன். போன்ல எடுத்த படமும் குடுத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. நீ மட்டும் கண்ண மூடியிருக்க.”

புல்லோடு புல்லாகத் தெரிவதற்கு அவன் முன்னோர்கள் எத்தனையோ தலைமுறை பாடுபட்டிருந்தார்கள். அந்தப் பாடு ஒரு போன் படத்தில் முடிந்துபோனதைப் பதுங்கன் உணர்ந்தான். ஆனாலும் அசையவில்லை. முட்டைகளின்மேல் இருப்பவன் அசைவதில்லை.

உச்சிப் பொழுதில் கள ஆய்வாளர் கீரியார் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிற்று. வளைந்த கிளையையும் போனில் இருந்த படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நேராகப் பதுங்கன் முன் வந்து அமர்ந்தார்.

“பயப்படாதப்பா. சரிபார்க்கத்தான் வந்திருக்கேன். சாப்பிடறதெல்லாம் அடுத்த கட்டம்.”

முட்டைகளை எண்ணினார். எச்சில் விழுங்கினார். பின்பு பதுங்கனின் காலைத் தூக்கச் சொல்லி விரல்களை எண்ணினார், முகம் வாடிற்று.

“மூணுதான் இருக்கு. காடைன்னா பின்னால ஒண்ணு இருக்கணுமேப்பா.”

“எங்களுக்கு எப்பவுமே மூணுதாங்க.”

காடை என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் கீரியாரின் மதிய உணவு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் நேர்மையானவர்; அதாவது, மேலதிகாரிக்கு அஞ்சுபவர். ஐயத்துக்கு இடமுண்டு என்று தலைமை வகைப்பாட்டாளருக்குத் தெரிவித்தார். முடிவு வந்ததும் முதல் உரிமை தமக்கே இருக்கட்டும் என்று புதரருகிலேயே தங்கிவிட்டார்.

அன்று மாலை ஒரு சாரைப்பாம்பு முட்டைகளைத் தேடி வந்தது. “விசாரணையில இருக்கிறதத் தொடக் கூடாது தெரியுமா?” என்று அதனிடம் சட்டத்தை விளக்கிவிட்டு, கீரியார் அதைத் தின்றார். பாம்பின் வகையில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. மறுநாள் உடும்பு வந்து, கீரியாரைக் கண்டு திரும்பிப் போயிற்று. காகங்கள் அந்தப் பக்கமே பறக்கவில்லை. இவ்வாறாக, அந்தக் காட்டில் எந்தக் கூட்டுக்கும் இல்லாத பாதுகாப்பு, பசித்த ஓர் அலுவலரால் பதுங்கனின் கூட்டுக்குக் கிடைத்தது.

விசாரணை மருதமரத்தடியில் நடைபெற்றது. பதுங்கன் நேரில் வர வேண்டும் என்றார்கள். மூட்டமானாலும் நண்பகலில் மண்ணில் வெதுவெதுப்பு இருக்கும்; முட்டைகள் சிறிது நேரம் சூடு ஆறாமல் இருக்கும். ஆகவே நண்பகலில் புறப்பட்டான்.

“ஐயா, நான் வர்ற வரைக்கும் முட்டைங்களப் பாத்துக்குவீங்களா?”

“பாத்துக்கிட்டேதானப்பா இருக்கேன்,” என்றார் கீரியார், கண்ணை எடுக்காமல்.

தலைமை வகைப்பாட்டாளர் நெடுங்கழுத்தர் என்னும் பெருங்கொக்கு ஒற்றைக் காலில் நின்று வழக்கைக் கேட்டார். மற்றொரு காலை எதற்கும் ஊன்றாமல் வைத்திருப்பது பதவிக்கு உரிய நிலை. முதலில் பேசியவர் காடைச் சங்கத் தலைவர் விரைகாலர்.

“ஐயா, உருவத்தப் பாத்து எங்க ஆளுன்னு நினைச்சிடாதீங்க. எங்களுக்குக் காலுக்கு நாலு விரல். இந்த ஆளுக்கு மூணு. இன்னிக்கு மூணு விரல்காரனச் சேத்தா நாளைக்கு ரெண்டு விரல்காரன் வருவான். எங்க பேருல திங்கிறதுக்குக் கீரி வந்து நிக்குதே, அந்தப் பெருமைய நாங்க யாருக்கும் பங்கு போட்டுக் குடுக்க மாட்டோம்.”

கூடியிருந்த காடைகள் சிறகடித்து ஆமோதித்தன. தின்னப்படுவதிலும் குலப்பெருமை பார்க்கும் கூட்டத்தைப் பதுங்கன் அன்றுதான் கண்டான்.

நெடுங்கழுத்தர் பதுங்கனை நோக்கிக் குனிந்தார். அதற்கே நெடுநேரம் ஆயிற்று.

“முட்டைகளின்மேல் அமர்பவர் யார்?”

“நான்தானுங்க ஐயா.”

“எனில் நீ பெண்.”

“இல்லீங்க.”

“முழங்குபவர் யார்?”

“அவங்க.”

“எனில் அவர் ஆண்.”

“முட்டை போட்டது அவங்கதானுங்க.”

நெடுங்கழுத்தர் கண்களை மூடிக்கொண்டார். கற்ற கல்வி முழுவதையும் ஒருமுறை உள்ளுக்குள் புரட்டிப் பார்த்தார். எங்கும் இடம் கிடைக்கவில்லை. விசாரணை மற்றொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பதுங்கன் திரும்பி வந்து, கீரியார் காத்து வைத்திருந்த முட்டைகளின்மேல் அமர்ந்தான். அவனுக்கு ஒன்று விளங்கிற்று. அவன் பொய் ஏதும் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னான். அந்த உண்மையே அறிஞரை நிறுத்திவிட்டது. அறிஞர் நின்றால் சட்டம் நிற்கிறது. சட்டம் நின்றால் கீரி நிற்கிறது. கீரி நிற்கும்வரை முட்டைகளுக்குள் இருப்பவை வளரும். ஆகவே இனியும் உண்மையையே சொல்வது என்று தீர்மானித்தான். ஆனால், கோழிக்குத் தவிடு தூவுவதுபோல், ஒரு நாளைக்கு ஒரு பிடிக்கு மேல் தூவுவதில்லை.

அடுத்த விசாரணையில், காடைகளின் தொண்டையில் தானியம் சேர்த்துவைக்கப் பை இருப்பதுபோல் தங்களுக்கு இல்லை என்றான். வகைப்பாட்டாளர் தள்ளிவைத்தார். அதற்கடுத்த விசாரணையில், சிறகு இருந்தும் தாங்கள் பெரும்பாலும் நடந்தே போவதாகச் சொன்னான். மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் குறுங்காடைகளின் எலும்பமைப்பு கொக்கு இனத்தை ஒத்திருக்கிறது என்று முற்காலத்து அறிஞர்கள் கூறியிருந்தார்கள்; அதை நெடுங்கழுத்தர் அறிவார். அறிந்ததனாலேயே அதை வெளியே சொல்லவில்லை. முட்டியளவு உயரமில்லாத ஒருவனுக்கு உறவினராவதைவிட அறியாமையோடு இருப்பது மேல்.

கீரியார் இளைத்துக்கொண்டே வந்தார். “இன்னிக்கு என்னப்பா சொன்ன?” என்று தினமும் கேட்பார். பதுங்கன் சொல்வான். “ஏன்ப்பா, எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லித் தொலச்சா என்ன?” என்பார்.

“கேட்டாத்தானுங்களே சொல்லணும்.”

வழக்கு இப்படியே நடந்திருந்தால் நன்று. ஆனால் முழங்கிக்குப் பொறுமை இல்லை. தன் குலத்துக்கு வகை வாங்கிக் கொடுத்தவள் என்னும் பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது. இறகைச் செருகினால் குலத்தைச் சொல்லும் கருவி ஒன்று அடுத்த காட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை இயக்கும் குரங்கைக் கருவியோடு அழைத்து வந்தாள். தன் மார்பிலிருந்தே ஓர் இறகைப் பிடுங்கிக் கொடுத்தாள். கருவி முனகிற்று, பச்சை விளக்கு எரிந்தது. கரைப்பறவை என்று வந்தது.

“கடற்காகமும் ஆலாவும் இவளுக்குச் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள்,” என்றது குரங்கு. முழங்கி தன் பிறப்பில் ஒருமுறையேனும் ஏரியைப் பார்த்ததில்லை. ஆயினும் அவள் மார்பு உப்பிற்று.

நெடுங்கழுத்தர் மகிழ்ந்தார். காடையும் இல்லை, கொக்கும் இல்லை, தொல்லை கரைக்குப் போகிறது. உடனே உத்தரவு பிறந்தது: குறுங்காடைகள் கரைப்பறவைகள். மறுநாள் சூரியன் உதித்ததும் உத்தரவு நடைமுறைக்கு வரும். கரையை விட்டு வேறிடத்தில் காணப்படும் கரைப்பறவை முட்டைகள் கைவிடப்பட்ட பொருளாகக் கருதப்பட்டு, அவற்றைக் கண்டுபிடித்த ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்படும்.

மாலையில் முழங்கி புதருக்கு வந்தபோது முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கத் தொடங்கியிருந்தது.

“வாங்கிட்டேன்யா. கரைப்பறவை. கொக்கே தன் வாயால சொன்னாரு. எனக்குன்னு கரையில ஒரு கல்லே ஒதுக்கியிருக்காங்க.”

“சந்தோஷங்க. விடியற வரைக்கும் சத்தமாச் சொல்லாம இருப்பீங்களா?”

“இதச் சொல்லாம வேற எதச் சொல்ல?” என்று கேட்டுவிட்டு, காடு முழுவதும் கேட்க முழங்கினாள். கீரியார் எழுந்து சோம்பல் முறித்தார்.

பதுங்கன் அவரிடம் பணிவாகக் கேட்டான். “ஐயா, சூரியன் உதிச்சிருச்சுன்னு யாரு சொல்லணும்?”

“காட்டுச்சேவல் சான்று குடுக்கணும். ஏன்ப்பா?”

“தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க.”

பதுங்கன் மேற்கே பார்த்தான். மூட்டம் வியாழக்கிழமையிலிருந்து கலையவே இல்லை.

மறுநாள் காலை, காட்டுச்சேவல் உயரமான கிளையில் நின்று கிழக்கே நெடுநேரம் நோக்கிற்று. வெளிச்சம் தெரிகிறது, சூரியன் தெரியவில்லை. தன் கண்ணால் காணாத ஒன்றுக்குச் சான்று அளிப்பதில்லை என்று கூறி இறங்கி, புழு கிளறப் போயிற்று.

கீரியார் சான்றுக்காகக் காத்திருந்தார். அவர் மூக்கின் முன்னாலேயே முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. குறுங்காடைக் குஞ்சுகள் பிறந்த சிறிது நேரத்திலேயே நடப்பவை. ஈரம் உலர்ந்ததும் பதுங்கன் எழுந்து, நால்வரையும் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு, ஆய்வாளரைக் கடந்து நடந்தான்.

“எங்கப்பா போற?”

“கரைக்குத்தானுங்க. உத்தரவுதானே.”

கீரியாரால் மறுக்க இயலவில்லை. உத்தரவில் முட்டைகள் என்று இருந்ததே தவிரக் குஞ்சுகள் என்று இல்லை. அவர் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு, இவை எவ்வகைப் பொருள் என்று விளக்கம் கேட்க அலுவலகம் போனார்.

நெடுங்கழுத்தர் அந்த ஓடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். விரைகாலர் தம் சங்கம் கலப்பின்றிக் காக்கப்பட்டதற்காகக் காடைகளுக்கெல்லாம் தினை வழங்கினார். அவர் வழங்கிக்கொண்டிருந்தபோது நரி இருவரைக் கொண்டுபோயிற்று. அதற்கு அனுமதி இல்லை என்று அவர் கடுமையாகக் கண்டித்தார்.

முழங்கி தனக்கு ஒதுக்கப்பட்ட கல்லின்மேல் ஏறி நின்று, ஏரி முழுவதும் கேட்க முழங்கினாள். புல் இல்லை, புதர் இல்லை, நாலாபுறமும் தண்ணீர். கல்லின்மேல் அவள் பெயரும் வகையும் எழுதப்பட்டிருந்தன. பருந்து சேவலின் சான்றுக்குக் காத்திருக்கவில்லை; அன்று அதற்குத் தேடும் வேலையும் இருக்கவில்லை.

ஏரிக்கும் ஓடைக்கும் நடுவே, உயர்ந்த கோரைப்புல்லுக்குள், அந்த முழக்கம் பாதியில் நின்றதைப் பதுங்கன் கேட்டான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, தான் கரைக்குப் போவதாகவே எவரும் எண்ணும்படி, கரை இருக்கும் திசையில் இரண்டடி நடந்துவிட்டுப் புல்லுக்குள் ஒடுங்கினான். இன்றளவும் அவன் கரைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

குஞ்சுகளில் சிறியது கேட்டது: “நாம யாருப்பா?”

“தலையக் குனி,” என்றான் பதுங்கன்.

நீதி: பெரியோர்க்கு நம்மைப் பற்றி ஐயம் இருக்கும்வரையே நமக்கு ஆயுள், ஆகவே கேட்டதற்கெல்லாம் உண்மையே சொல்லுக, புரியும்படி மட்டும் சொல்லற்க.