கார்னர் பிளாட்டில் நின்ற கட்டை ஜீப்

வண்டியைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

நான் ஆந்திர எல்லையில், ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வண்டிகளில் குலுக்கல் குறைவதற்காக இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைப்பார்கள். அந்த வளையத்தின் விட்டத்தை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்வது என் வேலை. இந்த ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு நான் ஊரில் ஆட்டோமொபைல் இன்ஜினியராக உலவிக்கொண்டிருந்தேன். (படித்தது கெமிஸ்ட்ரி.) கல்யாண வீட்டில் யாராவது கார் வாங்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பந்தியில் பாயசம் வரும்வரை விடமாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு கட்டை ஜீப் உண்டு. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு, அதனால்தான் கட்டை என்று பெயர். மாந்தோப்புக்குள் மரத்துக்கு மரம் வளைந்து போவதற்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும். இந்தக் குணத்தைத்தான் நான் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போதும் அது லேசாகத் தொட்டாலே திரும்பிவிடும் என்கிற மிச்சப் பாதி என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த ஜீப்பை ஓட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆசை என்பதுகூடச் சரியில்லை, தேவை. காய் பறிக்கிற காலத்தில் ஆட்களுக்குச் சோற்றுக் குண்டானும் தண்ணீர்க் குடமும் அம்மாதான் தோப்புக்குச் சுமந்து போக வேண்டும். கூலி டிரைவர் வந்தால் உண்டு, வராவிட்டால் ஜீப் வாசலில் நிற்கும், அம்மா அதைத் தாண்டி நடந்து போவார். நைனாவிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டால் சிரிப்பார். கோபித்துக்கொண்டாலாவது பதில் சொல்லலாம், சிரிக்கிறவரிடம் என்ன செய்வது?

"நீ கேளுடீ. நீதான் வண்டி கம்பெனில கீறியே, நீ சொன்னா கேப்பாரு" என்றார் அம்மா.

நான் கேட்டேன். மாதக்கணக்கில் கேட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நைனா இறங்கி வந்தார். "சரி, கத்துக்கட்டும். ஆனா காலி ரோடா பாத்துக் கத்துக் குடு. ஒருத்தர் மேலயும் மோதக் கூடாது, வண்டில ஒரு கோடு விழக் கூடாது."

அம்மா உடனே நைனாவின் தட்டில் இன்னொரு கரண்டி கறிக்குழம்பை ஊற்றினார். அந்தச் சந்தோஷத்தை நான்தான் பிறகு நாசமாக்கினேன். அதனால் அந்தக் கரண்டி இன்னும் கண்ணில் நிற்கிறது.

காலி ரோடு என்றதும் எனக்குத் திருப்பதிக்கு வெளியே புதிதாகப் போட்டிருந்த வீட்டுமனை லேஅவுட் ஞாபகம் வந்தது. அலங்கார வளைவு, இரண்டு பக்கமும் முழங்கால் உயரத் தென்னங்கன்று, நடுவில் நூல் பிடித்த மாதிரி நேரான தார் ரோடு. வீடு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. மனை வாங்க ஜனம் வர வேண்டுமே என்று அங்கே அடுத்த ஞாயிறு ஜீப் பந்தயம் வைத்திருந்தார்கள். இரண்டிரண்டு வண்டியாக நிற்க வைத்து, கொடி அசைத்ததும் நேராக விரட்ட வேண்டியது, அவ்வளவுதான். என் அத்தை மகன் தாமோதரன் தன் பிக்கப் வண்டியோடு போகிறான் என்று கேள்விப்பட்டேன். அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான், ஆனால் நீளம். எங்கள் ஜீப்பைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் குட்டி மாதிரி இருக்கும்.

"கட்ட வண்டிய எடுத்துக்கினு நேர் ரோட்டுக்கு வராத பாப்பா, வேகத்துல ஆடும்" என்று, நானும் பெயர் கொடுத்தது தெரிந்து போனில் சொன்னான்.

இதற்குப் பதிலாக நான் அவனுக்கு நடத்திய பாடத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. எடை, இழுவை, பிடிமானம் என்று வாயில் வந்ததையெல்லாம் அள்ளி விட்டேன். "நாலு சக்கரமும் தரையப் புடிச்சா எப்படி மாமா ஆடும்? சயின்ஸ் தெரியாம பேசாதீங்க" என்று முடித்தேன். (நீங்கள் ஒருமுறை கெமிஸ்ட்ரியை நினைத்துக்கொள்ளவும்.)

வீட்டில் பந்தயம் என்று சொல்லவில்லை. வண்டிக் கண்காட்சி என்றேன். ஓரமாக நிறுத்தி வைப்பார்கள், முடிந்ததும் ரோடு காலியாகிவிடும், அங்கேயே அம்மாவுக்கு முதல் பாடம் ஆரம்பித்துவிடலாம் என்றேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில், "எடது காலு எதுக்குடீ, கிளட்சுக்கா?" என்று கேட்டு, சீட்டுக்கு முன்னால் காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

ஜீப்பில் நான் இரண்டு திருத்தம் செய்திருந்தேன். ஒன்று, சினேகிதியின் அண்ணனிடம் இரவல் வாங்கிய பெரிய டயர்கள். கம்பீரத்துக்காக. வண்டி ஒரு முழம் உயர்ந்து நின்றது. இரண்டாவதுதான் என் அறிவின் உச்சம். தோப்பு ரோட்டில் வெறும் ஜீப் துள்ளும், மாங்காய் ஏற்றினால் அடங்கிப் போகும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வேகத்திலும் அடங்கிப் போகட்டும் என்று, மண்டியில் கழித்த கிளிமூக்கு மாங்காயைக் பெட்டி பெட்டியாக ஜீப்பின் பின்பக்கத்தில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். பின்னால் பாரம் அழுத்தினால் முன் சக்கரம் இலேசாகும், இலேசான சக்கரத்துக்கு ஸ்டியரிங் சொல்வது காதில் விழாது என்பதை நான் அன்று மதியம்தான் கற்றுக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் நைனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மைக்கில் என் பெயரையே வாசித்தார்கள்.

"இன்னா பாப்பா இது? கண்காட்சின்னு சொன்ன?"

"சின்ன ஓட்டம் நைனா, ஒரு நிமிசம்கூட ஆவாது. அம்மாவும் பாக்கட்டும், பொம்பளைங்க எப்படி ஓட்டறாங்கன்னு."

அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. அம்மா உடனே, "ஓட்டட்டுமே, அவளுக்குத் தெரியாததா?" என்றார். அந்த நம்பிக்கைதான் எனக்குச் சாவியைக் கொடுத்தது. இருவரும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் அம்மா என்னைக் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

எனக்கு ஜோடியாகத் தாமோதரனை நிறுத்தினார்கள். கொடி அசைந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், புறப்பட்டபோது நான்தான் முன்னால். புது ரோட்டில் ஜல்லித் தூள் இறைந்து கிடந்ததில் தாமோதரனின் வண்டி வழுக்கித் திணற, கட்டை ஜீப் நாலு காலாலும் பிறாண்டிக்கொண்டு பாய்ந்தது. வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் இருந்ததில்லை. அவனைத் திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினேன். (ஆமாம், ஒரு கையால்.)

வேகம் ஏறியது. ஸ்டியரிங் முதலில் கிசுகிசுத்தது, அப்புறம் உதறியது. வண்டி தானாக இடது பக்கம் போனது. லேசாக வலது பக்கம் ஒடித்தேன். ரொம்ப வலது பக்கம் போனது. திரும்ப இடது பக்கம் ஒடித்தேன். ஒவ்வொரு ஒடிப்பும் முந்தினதைவிடப் பெரிதாக ஆனது. இதற்குள் தாமோதரன் என்னைத் தாண்டித் தண்டவாளத்தில் போகிற மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தான். அப்போதாவது காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பந்தல் பக்கத்தில் வந்ததும், அம்மா பார்க்கிறாரே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அதற்கப்புறம் பயந்துபோய், வண்டி கோணலாக இருக்கும்போதே பிரேக்கை மிதித்தேன்.

ஜீப் இரண்டு சக்கரத்தில் நின்றது. வானம் தெரிந்தது, பந்தல் தெரிந்தது, வந்த ரோடு தெரிந்தது. கயிறு அறுந்து மாங்காயெல்லாம் பறந்தன. வண்டி பம்பரமாகச் சுழன்று, தென்னங்கன்றுகளைச் சாய்த்து, மனைக் கற்களைப் பிடுங்கி, உழுதுபோட்ட மண்ணில் தொப்பென்று நாலு சக்கரத்திலும் விழுந்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. அதுவும் எங்கே? அங்கே ஒரு குடும்பம் வாஸ்து பார்க்கிறவரோடு நின்று, இந்த மனையை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, எல்லோரும் ஓடித் தப்பித்துவிட்டார்கள். வாஸ்துக்காரர்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

பிறகு மைக்.

"கார்னர் பிட்டு, ஈஸ்ட் ஃபேசிங்! அக்கா வச்சி பட்டேசிந்தண்டி!"

கிழக்குப் பார்த்த மூலை மனையை அக்கா வந்து பிடித்துவிட்டார் என்று மைக்குக்காரர் தெலுங்கில் அறிவித்தார். ஜனம் விசில் அடித்தது. குழந்தைகள் மனை மனையாக ஓடி மாங்காய் பொறுக்கினார்கள். மைக்குக்காரர் விடவில்லை, மனை பதிவு செய்கிறவர்களுக்கு மாங்காய் இலவசம் என்றார். எனக்கு ஒரு காயமும் இல்லை. ஒரு சின்னக் கட்டாவது போட்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

அம்மா செருப்பில்லாமல், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என் தலை, தோள், கை என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். விசில் இன்னும் அதிகமானது.

நைனா மெதுவாக நடந்து வந்தார். மண்ணில் சாய்ந்த கன்றுகளை நிமிர்த்திப் பார்த்தார், அவை நிற்கவில்லை. ஜீப்புக்குள் கையை விட்டுச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போலாம்."

"நைனா, அம்மாவுக்கு..."

"பாத்தாச்சில்ல பொம்பளைங்க எப்படி ஓட்டறாங்கன்னு? இனிமே ரெண்டு பேரும் இந்தச் சாவியத் தொடக் கூடாது."

நான் சொன்ன வார்த்தையையே திருப்பிச் சொன்னார். அம்மா முன்னால் பார்த்துக்கொண்டிருந்த காலி ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தவறு செய்தவள் நான், தண்டனை அவருக்கு. ஊரே சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதுதான் பட்டது. அடுத்த வருஷம் காய் பறிப்பு முழுக்க அம்மா குண்டானைச் சுமந்து ஜீப்பைத் தாண்டி நடந்து போனார். லீவு நாளில் நான் கூடப் போய்க் குடத்தைத் தூக்கினேன். "வுடு, உனுக்குப் பழக்கமில்ல, சிந்திடுவ" என்று வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அதற்கடுத்த பறிப்பின்போது கூலி டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பறித்த காய் வெயிலில் கிடந்தது. சாப்பாட்டு நேரம், தாமோதரனும் இருந்தான். அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நைனாவைப் பார்த்தார்.

"இவ எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கினு ஓட்டினா. எனக்கு ஒன்னும் தெரியாது, பயம் மட்டும்தான் இருக்குது. எந்தக் கையில சாவிய குடுத்தா வண்டி ஊடு வந்து சேரும், நீயே சொல்லு. சொல்லிட்டுத் துன்னு."

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் சாவியை எடுத்துப் பாயில் வைத்தார். கற்றுக்கொடுக்க நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தாமோதரனைப் பார்த்து, "நீ வந்து சொல்லிக் குடுப்பா" என்றார்.

இப்போது அம்மாவிடம் எங்கள் தெருப் பெண்கள் வண்டி கற்றுக்கொள்கிறார்கள். நான் ஊருக்குப் போனால் எனக்கும் ஒரு வேலை உண்டு, பின் சீட்டில் உட்கார வேண்டும். போன மாதம் பக்கத்து வீட்டுப் புது மருமகள் ஓட்டினாள். நல்ல ரோடு வந்ததும் கொஞ்சம் துணிச்சல் வந்து அழுத்திவிட்டாள். அம்மா பதறவில்லை, கத்தவில்லை.

"கண்ணாடில பின் சீட்டப் பாரு" என்றார்.

அந்தப் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உடனே காலை எடுத்துவிட்டாள்.