ஏழு நிமிஷ அண்ணன்

"மூத்தவன் இருக்கையில எளையவனுக்குக் கல்யாணமா? கோச்சடையில எந்த வீட்டுல நடந்திருக்கு?" என்றார் விருமாண்டி.

"ஏழே நிமிஷம்தாம்ப்பா மூத்தவன்" என்றான் ராம்கி.

"ஏழு நிமிஷம்னாலும் மூத்தவன் மூத்தவன்தான்."

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் வந்தவன் தவசி. லாரி ஓட்டுகிறான். பெண் பார்க்கலாம் என்று பேச்செடுத்தாலே நாக்பூருக்கு லோடு ஏற்றிவிடுவான். காரணம் சொன்னதில்லை. பின்னால் வந்தவன் ராம்கி. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறான். அங்கே நூலகத்தில் வேலை பார்க்கும் நாகஜோதியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை. தை மாதத்துக்குள் அவளை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று அவள் வீட்டில் முடிவாகியிருந்தது.

அவளிடம் அவன் எதையும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தான். பார்க்கும்போதெல்லாம் அவளே கேட்டாள்.

"சார், ஒங்க அண்ணே விசயம் என்னாச்சு? ஏதாச்சும் வழி இருக்கா?"

தன்னைவிட அவள் அதிகம் தவிப்பதாக அவனுக்குத் தோன்றும்.

ஒருநாள் அவள் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினாள். "சார், இரட்டையர்ல ஒருத்தர் ஒளி வேகத்துக்குப் பக்கத்துல போயிட்டு வந்தா வயசு கொறைஞ்சிருமாமே. நெசமா?"

"நெசந்தான். வேகமாப் போறவருக்கு நேரம் மெதுவா ஓடும்."

"அப்ப மூத்தவரு தம்பி ஆயிருவாரா?"

"ஆயிருவாரு."

"இத ஒங்க அப்பாகிட்டச் சொல்லுங்க சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்றே சொன்னான். "தவசி வருசம் பூரா ஓடிக்கிட்டே இருக்கான். நான் ஒரே எடத்துல இருக்கேன். கணக்குப்படி நான்தாம்ப்பா மூத்தவன்."

விருமாண்டி யோசித்தார். "லாரி அம்புட்டு வேகம் போகுமா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை.

"ஒளி ஒரு நொடியில மூணு லட்சம் கிலோமீட்டர் போகும். அதுக்குப் பக்கத்துல போனா ஆபத்தும் உண்டு. எதுத்தாப்புல ஒரு பொட்டு மணல் பட்டாலும் குண்டு மாதிரி வெடிக்கும். வெளியில மிதக்குற வாயுவே கதிர்வீச்சா உடம்பத் தொளைச்சிரும். சடாருன்னு பிரேக் அடிச்சா ஆளு கூழாயிருவான்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அம்மா அழகம்மாள் பின்பாதியை மட்டும் கேட்டிருந்தாள். அழுதுகொண்டே தவசிக்குப் போன் போட்டாள்.

"எய்யா, மணல் லாரி வந்தா ஓரங்கட்டி நின்னுருய்யா. பிரேக்கத் தொடாத!"

"பிரேக்கத் தொடாம எப்படிம்மா நிக்கிறது?"

அவள் பாண்டி கோயிலுக்குக் கெடா நேர்ந்தாள். மூத்தவன் முழுசாக வீடு வந்து சேரும்வரை வீட்டில் நல்ல காரியம் பேசக்கூடாது என்றும் சேர்த்து நேர்ந்துகொண்டாள்.

ராம்கி அவளைத் தேற்ற உண்மையைச் சொன்னான். "லாரிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அறுபதுல போனா நேரம் கொறையுறதே தெரியாது."

இப்போது அப்பா எழுந்தார். "அப்ப அவன் எளையவன் ஆகலையா?"

"கொஞ்சூண்டு ஆயிருக்கான்."

"ஏழு நிமிஷம் கொறைய எம்புட்டு நாளு ஓட்டணும்?"

ராம்கி கணக்குப் போட்டான். திரும்பவும் போட்டான். "எண்ணூறு கோடி வருசத்துக்கு மேல. நிக்காம."

"டீ குடிக்கக்கூடவா?"

"கூட."

"அதுக்குள்ள தை வந்துரும்" என்றார் விருமாண்டி.

ராம்கி சாப்பாட்டைக் குறைத்தான். தூக்கம் போனது. ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்த முடி மொத்தமாகப் போனது. வகுப்பில் ஒளியின் வேகத்தை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மாவின் அழுகை தாங்காமல் தவசி வந்து சேர்ந்தான். வாசலில் இருவரும் அருகருகே நின்றார்கள். தவசிக்குத் தலை நிறைய முடி. ராம்கியின் தலையில் வெயில் பளபளத்தது. விருமாண்டி இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாத்தியாரு சொன்னது சரிதான்டா. ஓடுனவன் எளந்தாரியா இருக்கான். உக்காந்தவன் கெழவனாயிட்டான்."

ராம்கிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விஷயத்தைக் கேட்ட தவசி, "அப்ப நான் தம்பியாப்பா?" என்றான்.

"ஆமா."

"நல்லாச் சொல்லுங்க."

"தம்பிதான்டா!"

தவசி ராம்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நல்லா இருங்கண்ணே" என்றான். அவனுடைய பெருந்தன்மை ராம்கியை உலுக்கியது.

அந்த வெள்ளிக்கிழமையே குலசாமி கோயிலில், மூத்த மகனுக்குக் கட்டும் பரிவட்டத்தை விருமாண்டி ராம்கியின் தலையில் கட்டவைத்தார். வழுக்கையில் அது நிற்கவில்லை. பூசாரி இறுக்கிக் கட்டினார்.

"சாமி முன்னாடி கட்டியாச்சு. இனி எவனும் மாத்த முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக நாகஜோதி வீட்டுக்குப் போனார்கள். தவசி மட்டும் வரவில்லை. அவளுடைய அப்பா ஒச்சப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பரிவட்டம் வரைக்கும் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு" என்றார் விருமாண்டி பெருமையாக. "எங்க தலைச்சன் பிள்ளை."

ஒச்சப்பன் தட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளினார். "எங்க நாகஜோதியும் தலைச்சன். தலைச்சனுக்குத் தலைச்சனக் கட்டுற பழக்கம் எங்கள்ல கெடையாது. ரெண்டு வீட்டுக்கும் ஆகாது."

ராம்கி எழுந்துவிட்டான். "நான் தம்பிதாங்க! ஏழு நிமிஷம் பின்னாடி பொறந்தவன். கணக்குக் காட்டுறேன், எண்ணூறு கோடி வருசம்..."

"சும்மா இரு" என்றார் விருமாண்டி. "சாமி குத்தமாயிரும்."

ராம்கி நாகஜோதியைப் பார்த்தான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனக்காக ஒருத்தி அழுகிறாள் என்பதுதான் அந்த நேரத்தில் அவனுக்கு மிச்சமாக இருந்தது.

காபி கொண்டுவந்த அவளுடைய தங்கை பவதாரிணி, டம்ளரை ராம்கியின் கையில் கொடுத்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள்.

"இன்னும் என்னக்கா அழுக? மூத்தவருங்கிறதாலதான ஆகாதுன்னு அஞ்சு வருசமா ரெண்டு பேரும் தவிச்சீங்க, அதான் சாரு தம்பியாக்கிக் குடுத்துட்டாருல்ல, தவசி மாமாவுக்குப் போனப் போடு!"