ரயிலை நிறுத்தாத மூட்டை

ஏழு வருடமாக எனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று உண்டு. கையெட்டும் தூரத்தில் இருந்தும் என் தோழி மூட்டை ஏன் அபாயச் சங்கிலியை இழுக்கவில்லை?

மூட்டையைப் போலச் சிக்கனமாக உலகம் சுற்றியவர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் பிழைக்க மாட்டார். கொல்கத்தாவில், டாக்குரியா பெண்கள் விடுதியில் நாங்கள் ஒரே அறை. கால் கிலோ உருளைக்கிழங்கு வாங்கக்கூட ஆளுயரப் பையை முதுகில் மாட்டிக்கொண்டுதான் போவாள். பெயர் அப்படி வந்ததுதான்.

இப்போது பூஜை விடுமுறையில் என் ஐந்து வயது மகளை டார்ஜிலிங் கூட்டிப்போகிறேன் என்கிறாள். நான் கூடாதாம். "மூட்டை மாஷியோட போறேன்" என்று மகள் குதிக்கிறாள்; வங்காளியில் மாஷி என்றால் சித்தி. கணவரைக் கேட்டால், "உன் ஃப்ரெண்டு, உன் முடிவு" என்று மொபைலுக்குள் புகுந்துகொள்கிறார். எனக்கு ரஷ்யாதான் ஞாபகம் வருகிறது.

கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலம். பெட்டி முழுக்கத் தடுப்பே இல்லாத மூன்றாம் வகுப்பில் சைபீரியாவைக் கடந்தோம். "ஒவ்வொரு பெட்டியிலயும் கொதிக்கிற தண்ணி ஓசிடி. அப்புறம் எதுக்கு ஹோட்டல்?" என்று தாளித்து வறுத்த ரவையை நான்கு டப்பாக்களில் கொண்டுவந்திருந்தாள். முதல் டப்பாவைத் திறந்ததும் பெருங்காய வாசனையில் பெட்டியே எழுந்து உட்கார்ந்தது. பெட்டியைக் கவனிக்கும் அம்மாள் ஏதோ கசிகிறதென்று ஹீட்டர் குழாய்களை முகர்ந்துகொண்டே வந்தார். மூட்டை அவர் வாயில் ஒரு ஸ்பூன் உப்புமாவை வைத்தாள். பாவம், கண் கலங்கிப் போனார். காய்ந்த மிளகாய்.

ஐந்தாம் நாள் ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றது. பெட்டிக்குள் மொபைல் சிக்னல் இல்லை. தினமும் அம்மாவிடம் பேசாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"எவ்வளவு நேரம் நிக்கும்டி?"

"இருபது நிமிஷம்னு போட்டிருக்கான். அப்படின்னா முப்பத்தஞ்சு."

"நிச்சயமா?"

"ஹவுரால எந்த வண்டிடி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? நான் ரயில்வே வீட்டுப் பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

இறங்கினேன். ஸ்வெட்டர், சாக்ஸ், ஹவாய் செருப்பு. "தலைக்கு எண்ணெய் வெச்சியா?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்தது. இருபதாவது நிமிடம், ஒரு விநாடி பிசகவில்லை. ஓடினேன். ஜன்னலில் மூட்டையின் முகம் தெரிந்தது. அவள் கை மேலே போனது. பிறகு இறங்கிவிட்டது. என் கோட்டும் பாஸ்போர்ட்டும் அவளோடு போய்விட்டன.

ஸ்டேஷன்காரப் பெண் ஒருத்தி என்னை ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். அழுகைக்கு மொழி தேவைப்படவில்லை. நாலு மணி நேரம் கழித்து மூட்டை வந்தாள், முன்னால் என் பை, பின்னால் அவள் பை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, யாருடைய லாரியிலோ ஏறி வந்திருக்கிறாள்.

"ஏண்டி சங்கிலிய இழுக்கல?"

"அப்பா ரயில்வே கார்டுடி. காரணமில்லாம இழுத்தா கையை ஒடிப்பேன்னு சொல்லியே வளர்த்தார். கை மேல போச்சு, ஆனா இழுக்க வரல."

"நான் ஒரு காரணமில்லையா?"

அவள் இரண்டு பைகளையும் இறக்கிவைத்தாள். தன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே நெஞ்சோடு சுற்றி வைத்திருந்த என் கோட்டை எடுத்தாள்.

"சீக்கிரம் போட்டுக்கோ. ஆறிடும்."

போட்டுக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது. மன்னிக்கவில்லை. ஊர் திரும்பும்வரை அவள் செய்த உப்புமாவை நான் தொடவில்லை; பசித்தது எனக்குத்தான்.

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெற்றோர் வர முடியாத அவசரத்தில் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு கட்டம். மாமியார் இருக்கிறார், பௌதி என்று நான் கூப்பிடும் எதிர் வீட்டு அண்ணி இருக்கிறார். நானோ யோசிக்காமல் மூட்டையின் நிஜப் பெயரை எழுதிவிட்டேன். எழுதியபின் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. குழந்தை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்களேன்: யோசிக்காமல் எழுதியதை நம்பட்டுமா, யோசித்துப் பயப்படுவதை நம்பட்டுமா?