விஷம் பதினோரு பெட்டி

"இந்தப் படத்துல மீசை இருக்கு. உமக்கு இல்லை. அப்போ இது யாரு?"

இரும்புக் கேட்டுக்கு உட்புறம் நின்றவர் அடையாள அட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிப்புறம் நின்ற ராஜையன் மேலுதட்டைத் தடவிக்கொண்டான்.

"அது நான்தான் சார். ஈஸ்டருக்கு முந்தி மீசையை எடுத்தேன்."

"ஏன் எடுத்தீர்?"

"நரைச்சுப் போச்சு சார்."

"நரைச்சா மை பூசுவா. ஆள் அடையாளம் தெரியப்படாதுன்னு எடுக்கறவாளும் உண்டு. நீர் எந்த வகை?"

ராஜையன் காலையிலிருந்து இருபது வீடு ஏறி இறங்கியிருந்தான். ஒருவரும் அட்டையைக் கேட்கவில்லை. பலர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மூலையில கிடக்கு, எடுத்துண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுச் சேற்றை வழிக்கப் போய்விட்டார்கள்.

அந்த வருஷத்து ஐப்பசித் துலாமழையில் கரமனையாறு கரையேறி, அக்ரஹாரத்தின் கீழ்ப்பாதிக்குள் இடுப்பளவு நின்று வடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆற்றுப்பக்கத்து வீட்டுக்காரர்களில் பலர் கதவைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர்களிடம் போய்விட்டார்கள். பரணிலும் பின்கட்டிலும் கிடந்த எலிப்பாஷாணம், கரப்பான் மருந்து, பெயிண்ட், ஆசிட், பழைய பேட்டரி, காலாவதியான மாத்திரை எல்லாம் சேற்றோடு கலந்து கிணற்றில் இறங்கிவிடும் என்று கார்ப்பரேஷன் பயந்தது. வீடு வீடாகப் போய் அவற்றை மட்டும் தனியாக வாங்கி, படிவத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் பெற வேண்டும். பெட்டியில் கட்டி, மண்டையோட்டு ஸ்டிக்கர் ஒட்டி, வேனில் ஏற்ற வேண்டும். அந்தத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளும் ராஜையன் பொறுப்பு.

ராஜையன் ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியன். "ஒரு வீடு விடப்படாது, ஒரு பராதியும் புகாரும் வரப்படாது. இதை ஒழுங்கா முடிச்சா, நிரந்தரமாக்குற லிஸ்டுல உன் பேருதான் முதல்ல" என்று ஹெல்த் ஆபீசர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவன் கேட்டைவிட்டு நகரவில்லை.

"சார், நான் மெய்யாட்டே கார்ப்பரேஷன்ல உள்ளவனாக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. வெள்ளம் வடிஞ்ச தெருவுக்கு முதல்ல வர்றவன் யாரு தெரியுமோ ஓய்? திருடன்." அவர் கேட்டில் பதித்திருந்த பெயர்ப் பலகையை விரலால் தட்டினார். "படிக்கத் தெரியுமோன்னோ? சேஷன். இந்த சேஷன்கிட்ட உம்ம வித்தை பலிக்காது. ஆபீஸ்லேந்து லெட்டர் கொண்டுவாரும். வீட்டுக்குள்ளே போய் ஆபத்தான சாமானை எடுக்க அதிகாரம் உண்டுன்னு சீல் போட்டு இருக்கணும்."

"உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டா சார்?"

"உள்ளே முழங்கால் சேறு. லெட்டரோட வாரும், பாப்போம்."

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அவன் மனைவி தாசம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவருகிட்ட நீங்க கொஞ்சம் படிக்கணும். அந்த மாதிரி ஒரு புத்தி உங்களுக்கு இருந்திருந்தா நம்ம வீட்டுல செங்கல் வந்திருக்குமா?"

போன வருஷம் சாலைக் கடைத்தெருவில் யாரோ ஒருவன், சிங்கப்பூர் இஸ்திரிப்பெட்டி என்று அட்டைப்பெட்டியோடு கொடுத்ததை ராஜையன் வாங்கி வந்திருந்தான். உள்ளே துணியில் சுற்றிய செங்கல் இருந்தது. அன்றிலிருந்து தாசம்மாள் எந்தப் பேச்சையும் அந்தச் செங்கலில் கொண்டுவந்துதான் முடிப்பாள்.

இனி யாரையும் நம்புவதில்லை என்று ராஜையன் அன்றைக்குத் தீர்மானித்தான். முதல் வேலையாகத் தட்டில் விழுந்த மீனை முகர்ந்து, "இது இன்னைக்குப் பிடிச்சதுதானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு மீன் கிடைக்கவில்லை.

மறுநாள் லெட்டரோடு போனான். கேட்டருகிலேயே நின்று சேஷன் அதை மூன்று முறை படித்தார்.

"அட்டையில ராஜையன். இதுல ராஜய்யன். இது ரெண்டு ஆள்."

"ஒரே ஆளுதான் சார். டைப் அடிச்ச பிள்ளைக்குத் தெரியாமப் போச்சு."

"பேர் எழுதினாத்தானே தப்பு வரும்? பேரே வேண்டாம். 'இதைக் கொண்டுவருபவருக்கு'ன்னு எழுதி வாங்கிண்டு வாரும். பிசகுக்கே இடமிருக்காது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ராஜையன் மத்தியான வெயிலில் மறுபடி ஆபீசுக்குப் போனான். ஹெல்த் ஆபீசர் பல்லைக் கடித்தபடி கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு அதைக் கேட்டுக்குள் நீட்டியபோது சேஷனின் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது.

"இது லெட்டர்! இதை நான் வச்சுக்கறேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் கையில ஆதாரம் வேணுமே." மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆமாம், எந்தெந்த வீடு பூட்டிக் கிடக்குன்னு உம்மகிட்ட லிஸ்ட் உண்டோ?"

"உண்டு சார்." ராஜையன் காகிதத்தை எடுத்தான்.

"அட பாவி மனுஷா! இதையா பகிரங்கமாக் கையில வச்சிண்டு சுத்தறீர்? எவனாவது கள்ளன் கண்ணுல பட்டா தெருவே போச்சு. இங்கே கொடும், நான் பத்திரமா வச்சுக்கறேன்."

ராஜையன் வெட்கத்தோடு கொடுத்தான். இவ்வளவு பெரிய ஆபத்து தனக்குத் தோன்றவே இல்லையே என்று வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டான். அன்றைக்கு பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

மூன்றாம் நாள் போனபோது கேட்டும் வாசற்கதவும் திறந்திருந்தன. சேஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் வியர்க்க விறுவிறுக்க நின்றார்.

"வாரும். ஆத்துக்காரி ஊர்ல இல்லை. எது எங்கே இருக்குன்னு ஒண்ணும் பிடிபடலை."

ராஜையன் தண்ணீர் கேட்டான். அவர் வலப்பக்கக் கதவைத் திறந்தார், அது குளியலறை. இடப்பக்கம் திறந்தார், அது பூஜையறை. கடைசியில் சமையலறையைக் கண்டுபிடித்து, அரிசி அளக்கும் படியில் தண்ணீர் கொண்டுவந்தார். ராஜையனுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. தாசம்மாள் இரண்டு நாள் ஊருக்குப் போனால் அவனும் உப்பைத் தேடி அலைகிறவன்தான்.

"பக்கத்தாத்துக்காரா அஞ்சு பேரும் என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்கா. அவாத்து விஷத்தையும் நானே ஒதுக்கிக் கட்டி வைக்கறேன். நீர் சிரமப்படாதேயும். ஸ்டிக்கர் மட்டும் கொடும்."

ராஜையனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மற்றப் பூட்டின வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். தீராமல் நின்றவை இந்த ஆறும், தெருவின் மேல்முனையில் ஒன்றும்தான். ஸ்டிக்கர்களை எண்ணிக் கொடுத்தான். அதோடு அவர் அந்த ஐந்து வீடுகளையும் பார்க்கப் புறப்பட்டபோது, தூறல் விழுந்ததால் குடையை விரித்து அவருக்குப் பிடித்தபடி பின்னாலேயே நடந்தான். "சேறு சார், பாத்து. படி சார், பாத்து" என்று தெரு முழுக்க அவன் குரல் கேட்டது.

நான்காம் நாள் காலை வேன் வந்தது. டிரைவர் மைதீன் முதல் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"என்ன சாரே, எலிமருந்து இம்புட்டு கனமா?"

"பாதரசம்" என்றார் சேஷன். "இரும்பைவிடக் கனம். படிச்சதில்லையோ?"

அடுத்த பெட்டி கலகலவென்று சத்தமிட்டது. மைதீன் காதை வைத்துக் கேட்டான். "உள்ள பாத்திரம் சாதனம் ஏதோ கிடக்க மாதிரி இருக்கே. ஒண்ணைத் தொறந்து பாக்கட்டா?"

சேஷன் வாய் திறப்பதற்குள் ராஜையன் பாய்ந்தான்.

"உனக்கு எதுக்குடே உள்ள பாக்கணும்? குப்பியாக்கும், சத்தம் போடத்தான் செய்யும். நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், வந்ததுல இருந்து உன் கண்ணு பெட்டிமேலயே நிக்குது. அடுத்தவங்க சாதனம்னா அப்படி என்ன ஆசை?"

மைதீன் ஆறு வருஷமாக அவனோடு வேலை செய்கிறவன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சப் பெட்டிகளை ஏற்றினான். சேஷன் ராஜையனின் தோளில் தட்டினார். "தேறிட்டீர் ஓய்!"

பிறகு ஆறு வீட்டுக்கும் தானே படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரசீது கேட்டார். "விஷப்பொருள், பெட்டி பதினொன்று, பெற்றுக்கொண்டேன்" என்று ராஜையன் எழுதிக் கையெழுத்திட்டான். கையெழுத்தை யாரும் போட்டுவிடலாம் என்று சேஷன் சொன்னதால் கீழே பெருவிரல் ரேகையும் வைத்தான்.

"நானும் வண்டியில வரேன். எங்கே கொண்டுபோறேள்னு என் கண்ணால பாக்கணும்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், வேன் நகர்ந்ததும் இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பினார். "இந்தப் பாதரசத்தையும் ஆசிட்டையும் உங்க கோடவுன்ல மத்ததோட சேத்துப் போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும் சார்?"

"பத்திண்டு எரியும். அப்புறம் பராதி யார் பேர்ல வரும்?"

பராதி என்றதும் ராஜையன் சீட்டின் நுனிக்கு நகர்ந்தான்.

"பாலம் தாண்டி, பாப்பனங்கோட்டுல ஒரு கெமிக்கல் கம்பெனி லாரி நிக்கறது. இதையெல்லாம் அழிக்கறதுதான் அவா தொழில். அவாகிட்ட ஒப்படைச்சா உம்ம தலைக்கு ஒண்ணும் வராது."

ராஜையன் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் பாடம் வீண்போகுமா? முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்.

"அதுக்கு லெட்டர் உண்டா சார்?"

சேஷன் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நீலச் சீல் குத்திய ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ராஜையன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தான். பேர் எதுவும் இல்லை. பிசகுக்கே இடமில்லை.

கரமனைப் பாலத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். வெள்ளம் ஏறின வீடுகளிலிருந்து சாமான் கடத்துகிறார்கள் என்று நான்கு நாளாக அங்கே ஒரு வண்டியையும் சோதிக்காமல் விடுவதில்லை. ஒரு தள்ளுவண்டிக்காரனின் தார்ப்பாயைக்கூட விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள என்னாணு?"

"விஷம் சார்" என்றான் ராஜையன். "பதினோரு பெட்டி. தொறந்து காட்டட்டா? மூக்கை மட்டும் நல்லாப் பொத்திக்கிடுங்க. ஒரு பெட்டி காலையில இருந்தே லேசா ஒழுகுது."

ஒழுகவில்லை. ஆனால் இப்படிச் சொன்னால் நேரம் மிச்சமாகும் என்று அவனுக்குத் தோன்றியது. போலீஸ்காரர் மண்டையோட்டைப் பார்த்தார், இரண்டடி பின்வாங்கினார், விசிலை ஊதி எதிர்வண்டிகளை நிறுத்தி வேனுக்கு வழிவிட்டார்.

பாப்பனங்கோட்டில் ஒரு சிறிய லாரி நின்றது. ராஜையனே முன்னின்று பதினோரு பெட்டியையும் மாற்றி ஏற்றினான். கயிறு தளர்ந்திருந்த ஒன்றை அவிழ்த்து இறுக்கியும் கட்டினான். சேஷன் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். பிறகு, வழியில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா என்று சொல்லி லாரியிலேயே ஏறிக்கொண்டார். லாரி நாகர்கோவில் ரோட்டில் புகைவிட்டுக்கொண்டு மறைந்தது.

"இந்த ஊருல பத்து பேரு இப்படி இருந்தாப் போதும்" என்றான் ராஜையன்.

மைதீன் வண்டியைக் கிளப்பினான்.

பிற்பகலில் கடைசி வீட்டுக்கு வந்தான். தெருவின் மேல்முனையில், தண்ணீர் ஏறாத வீடு அது. அங்கே இருந்த சூடாமணி பள்ளிக்கூட டீச்சர். முன்பு வந்தபோதெல்லாம் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இன்று சனிக்கிழமை. அவன் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவையும் நான்கு டார்ச் பேட்டரியையும் கொண்டுவந்து நீட்டினாள். நாற்பத்திரண்டாவது கையெழுத்தையும் படித்துப் பார்க்காமலே போட்டாள்.

நிரந்தரம் கைக்கு வந்துவிட்டது. ராஜையன் படிவத்தை மடித்து வைத்தான். போகும் முன்னால், தான் படித்ததில் கொஞ்சத்தை இவளுக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"டீச்சர், தப்பா நினைக்கப்படாது. யாரு என்னன்னு கேக்காம இப்படி எடுத்துத் தரப்படாது. வெள்ளம் வடிஞ்ச நேரம். கள்ளன் எந்த வேசத்துல வருவான்னு சொல்ல முடியாது. முதல்ல என் கார்டைக் கேட்டு வாங்கிப் பாக்கணும்."

சூடாமணி சிரித்தாள்.

"உங்க கார்டு எதுக்கு? அதான் முந்தாநாளே உங்க ஆபீசர் வந்து எல்லாம் விவரமாச் சொல்லிட்டுப் போனாரே, நேத்திக்கு நான் பள்ளிக்கூடம் கிளம்பறச்சே நீங்ககூட அவருக்குக் குடை பிடிச்சுண்டு போனேளே, அவர்கிட்டச் சொல்லி ஊருக்குப் போனவா எங்கிட்டக் கொடுத்து வச்சிருந்த, அவர் வாங்கிண்டு போன ஆறு ஆத்துச் சாவியையும் இன்னிக்கே திருப்பித் தரச் சொல்லுங்கோ, சேஷன் மாமா நாளைக்குக் காலம்பற பாலக்காட்டுலேந்து வராராம்."